இறக்கத்தில் தெரியும் வண்டி



கொழுந்து நிறுவையில் வெட்டும் கிலோ, ஒழுகும் லயன் கூரை, கணிதத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலை என்று எழுதிவரும் நமது ஏட்டில் இந்த மாதம் எட்டுப் பக்கங்களை மூன்று ஜேர்மன் கார்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மெய்ப்புப் பார்த்த தங்கச்சிதான் முதல் ஆளாகக் கேட்டார்: "இதெ வாசிச்சிட்டு யாரு சேர் கார் வாங்கப் போறா?" நியாயமான கேள்வி. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அந்தக் கணக்கில் மாதம் 25 நாள் பேர் போட்டாலும் கைக்கு எழுதப்பட்டது 33,750 ரூபா. இந்தக் கார்களில் ஒன்றுக்கு ஒரேயொரு டயர் மாற்றவே அது காணாது.

வாங்குகிறவர்களுக்காக அல்ல, ஓட்டுகிறவர்களுக்காகத்தான் எழுதினோம். ஏப்ரல் பருவத்தில் ஒரு சனிக்கிழமை காலை புசல்லாவைக் கடைத்தெருவில் நின்று பாருங்கள். நுவரெலியாவுக்கு வரிசையாக ஏறிப்போகும் சொகுசுக் கார்களில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது பல வேளை நம்ம ஊர்க் கை. பூண்டுலோயாவிலும் இறம்பொடையிலும் பிறந்து, லொறியில் கிளீனராக ஏறி, லைசன் எடுத்து, கொழும்பில் ஏதோ ஒரு பெரிய வீட்டுக் காருக்குப் போய்ச் சேர்ந்த பிள்ளைகள். பதிவுப் புத்தகத்தில் பேர் முதலாளிக்கு. வண்டியின் குணம் தெரிந்தது இவர்களுக்கு. மோட்டார் சஞ்சிகைகளோ முதலாளியோடுதான் பேசுகின்றன, அதுவும் ஆங்கிலத்தில். மணிக்கு நூறு கிலோமீற்றரை எத்தனை வினாடியில் தொடும் என்பதில்தான் ஆரம்பிக்கும். தவலந்தென்னவுக்கும் இறம்பொடைக்கும் நடுவில் எந்த இடத்தில் நூறைத் தொடுவது?

ஆகவே நாங்கள் வேறு மாதிரிச் செய்து பார்த்தோம். தெரிந்தவர்களிடம் இரவல் கேட்டு மூன்று பழைய கார்கள்: பி.எம்.டபிள்யூ. 318ஐ, மெர்சிடிஸ் பென்ஸ் சி180, அவுடி ஏ4. ஓட்டியவர் தோட்டத்துப் பெரிய பங்களாவில் சாரதியாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர். எழுபதைத் தாண்டியவர், துரைமாரின் மொரிஸ் மைனரில் கை பழகியவர். பின் சீட்டில் என் அத்தை, கையில் எலுமிச்சம்பழத்தோடு. வழி நமது ஏ-5 வீதி: கம்பளையில் ஏறத் தொடங்கி, புசல்லாவை, தவலந்தென்ன, இறம்பொடை, லபுக்கலை கடந்து நுவரெலியா, பிறகு அதே வழியில் இறக்கம்.

இந்த மலைக்குக் கார்ப் பந்தயம் புதிதல்ல. நுவரெலியாவின் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தோட்டத் துரைமாரும் கொழும்புக் கனவான்களும் ஏப்ரல் குளிரில் மேலே யார் வேகமாகப் போவது என்று போட்டி போட்டார்கள். வேகமாகவும் ஓட வேண்டும், குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கௌரவமாகக் கிளப்புக்கும் போக வேண்டும் என்கிற அந்த ஆசைக்குத்தான் உலகச் சந்தையில் ஸ்போர்ட்ஸ் செடான் என்ற வகையே பிறந்தது. 1959இல் ஜகுவார் மார்க் 2 வந்தது. 1961இல் பிராங்போர்ட் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. தனது 1500ஐக் காட்டியது. அதன் வழிவந்த 3 சீரிஸ் வெளியான ஆண்டு 1975. நம்மவர்களுக்கு அந்த ஆண்டு வேறொரு காரணத்தால் நினைவிருக்கும்: கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்துக்கொண்ட ஆண்டு அது. துரைமார் போனார்கள், அவர்களது கார்கள் கை மாறின, புதிய கார் இறக்குமதிக்குக் கதவு ஏற்கனவே ஏறக்குறைய மூடியிருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தபோது உள்ளே வந்தவை பெரும்பாலும் ஜப்பான் வண்டிகள். பென்ஸின் 190 1982இலும் அவுடி ஏ4 1994இலும் பிறந்தன. நம் வீதிக்கு அவை எப்போதாவது விருந்தாளியாக வந்து போனதோடு சரி.

பிற்காலத்தில் இந்த ஜேர்மன் கார்கள் கொழும்பில் பெருகியதற்குக் காரணம் வேகமல்ல, வரி. நம் நாட்டில் காருக்கான உற்பத்தி வரி எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து, கன சென்ரிமீற்றர் கணக்கில் விழும். எஞ்சின் பெருத்தால் வரியும் பெருக்கும். எனவே ஆறு சிலிண்டருக்குப் பேர்போன பி.எம்.டபிள்யூ. இங்கே மூன்று சிலிண்டரோடு, 1,499 சி.சி.யில் வந்து இறங்கியது. அவுடி ஏ4 1,395 சி.சி. பென்ஸ் சி180 கொஞ்சம் தாராளமாக 1,595 சி.சி. மேல்சட்டை கோட்டு சூட்டு, உள்ளே மெலிந்த தேகம். பிறகு 2020 மார்ச்சில் டொலர் நெருக்கடியில் இறக்குமதி அடியோடு நின்றது. 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மறுபடி திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய கார் வாங்கிய விலைக்கு மேலே விலைபோன அதிசயத்தையும் பார்த்துவிட்டோம். பாவித்த வண்டிகளையே நாங்கள் பரீட்சித்ததற்கு அதுவும் ஒரு காரணம்: நம் பிள்ளைகள் இன்று ஓட்டுவதும் நாளைக்கு கராஜில் திருத்தப்போவதும் இந்த வண்டிகளைத்தான்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மூன்றும் நன்றாகவே ஏறின. கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் கீழே; நுவரெலியா 1,868 மீற்றர். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். பழைய கொரோலா லபுக்கலையில் மூச்சு வாங்குவது அதனால்தான். டர்போ காற்றை அமுக்கிக் கொடுப்பதால் இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு அந்தக் குறை தெரியவில்லை. 318ஐயில் 136 குதிரைவலு, ஏ4இல் 150, சி180இல் 156. காகிதத்தில் பென்ஸ் முந்துகிறது. மலையில் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. பி.எம்.டபிள்யூ.வின் மூன்று சிலிண்டர் நிறுத்தத்தில் நின்றால் மெல்ல நடுங்கும், மிதித்தால் ஒரு கரகரப்பான குரல் எழும்பும். எனக்கு அது பிடித்தது. அத்தைக்குப் பிடிக்கவில்லை.

ஏற்றத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வண்டிகள் பிரிந்து தெரிந்தன. இறம்பொடைக்கு மேலே, ஈரம் காயாத கொண்டை ஊசி முடக்குகளில் அவுடியின் உட்பக்க முன்சில்லு வழுக்கிச் சுழன்றது. முன்சில்லு இழுக்கும் வண்டி அது. செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னால் சாய, முன்சில்லின் பிடி குறையும். டாஷில் மஞ்சள் விளக்கு மின்ன, கணினி பலத்தைக் குறைத்துச் சமாளித்துவிட்டது. ஆபத்து ஒன்றுமில்லை. மற்ற இரண்டும் பின்சில்லு தள்ளும் வண்டிகள், சாய்ந்த பாரம் அவற்றுக்கு உதவியாகவே போனது. அண்ணன் இதை மேலே ஏறும் முன்பே சொல்லியிருந்தார், வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல்.

இனி இறக்கம். இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மலையேற்றப் போட்டிக்குக் கோப்பை கொடுக்கிறார்கள். இறங்குவதற்கு யாரும் கொடுப்பதில்லை. ஆனால் 2025 மே 11 அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் போன இ.போ.ச. பஸ் இதே வீதியில், நமது கெரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டுபோனார்கள். காரணங்களை ஆராய்வது இந்தப் பக்கத்தின் வேலையல்ல. அந்த வீதியால் போய் வந்துவிட்டு 'ஸ்போர்ட்' என்று எழுதிய பொத்தானைப் பற்றி விளையாட்டாக எழுத எங்களுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ நிறையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு ஏறத்தாழ 1,400 மீற்றர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் அது விடுவிக்கும் சக்தி ஏறத்தாழ 7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். காற்றும் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தால் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகக் கொட்டும். பிரேக் எண்ணெய் வேறு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகையில்தான் கொதிக்கும். ஈரம் குடித்த பிறகு 155 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கொரு முறை எண்ணெயை மாற்றச் சொல்வது கராஜ்காரரின் வருமானத்துக்காக என்று நினைக்கும் முதலாளிமார் இந்த வரிகளை ஒருமுறை வாசிக்கட்டும். சாரதித் தம்பிமாரே, மடித்து டாஷில் வைத்துவிடுங்கள்.

நம் பழைய சாரதிகளுக்கு இதற்கு ஒரே விதி. அண்ணன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஏறுன கியர்லேயே எறங்கணும் தம்பி. மூணுல ஏறுனா மூணுல எறங்கு, ரெண்டுல ஏறுனா ரெண்டுல எறங்கு. வண்டிய இஞ்சின் புடிச்சிக்கும். பிரேக்கு நிப்பாட்டத்தான்."

சின்ன எஞ்சினின் குட்டு உடைவது இங்கேதான். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதன் கொள்ளளவைப் பொறுத்தது. ஏறும்போது டர்போ கைகொடுத்துச் சின்ன எஞ்சினைப் பெரிய எஞ்சின்போல் ஆக்கிவிடும்; இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் டர்போவுக்கு வேலையே இல்லை. அப்போது 1,395 சி.சி. என்றால் அது 1,395 சி.சி.தான். ஒன்றரைத் தொன் காரை அது எவ்வளவு பிடிக்கும்? வரிக்காக எஞ்சினைச் சுருக்கியதன் விலையை ஏற்றத்தில் நாம் கொடுக்கவில்லை, இறக்கத்தில் கொடுக்கிறோம். கொழும்பின் தட்டையான வீதியில் பரீட்சித்து எழுதுகிற எவருக்கும் இது தட்டுப்படாது. வரிச் சட்டம் எழுதியவருக்கும்தான்.

ஆகவே எந்த வண்டி கீழ் கியரில் எவ்வளவு அடக்கமாக நிற்கிறது என்பதே எங்கள் பரீட்சையாயிற்று. பி.எம்.டபிள்யூ.வுக்கு எட்டு கியர். அதன் கியர்த் தடியை இடப்பக்கம் தள்ளி, முன்னால் அழுத்தினால் கியர் இறங்கும். அவுடியில் இது தலைகீழ், முன்னால் அழுத்தினால் கியர் ஏறும். வாசிக்கும்போது அற்ப விஷயமாகத் தெரியும். முடக்குக்கு முன் பிரேக் பிடிக்கையில் உடம்பு முன்னால் சாய்கிறது. கையும் முன்னால்தான் போகும். அந்த நேரத்தில் கியர் இறங்குவதுதான் உடம்புக்கு ஒத்த வழி. அண்ணன் ஒரே முடக்கில் பி.எம்.டபிள்யூ.வோடு சிநேகமாகிவிட்டார். இரண்டாம் கியரில் போட்டுவிட்டால் அது போட்ட இடத்தில் நின்றது, தானாக மாற்றிக்கொள்ளவில்லை. அவுடியின் இரட்டைக் கிளச்சுப் பெட்டியும் சொன்னபடி கேட்டது, மாற்றமும் மூன்றிலும் அதுவே வேகம். ஆனால் எஞ்சின் சிறிது, அடிக்கடி பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது.

பென்ஸில் கியர்த் தடி நடுவில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைப்பர் தடி மாதிரி ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். கியரை இறக்க ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்ட வேண்டும். கொண்டை ஊசி முடக்கில் ஸ்டியரிங் முக்கால் வட்டம் திரும்பியிருக்கும்போது எந்தத் துடுப்பு எங்கே இருக்கிறது? அண்ணனின் இடக்கை பாதி வழிவரை நடுவில் இல்லாத தடியைத் தேடிக்கொண்டேயிருந்தது. "ஊட்ல சாமான எடம் மாத்தி வச்ச மாதிரி இருக்கு" என்றார். பழகினால் சரியாகிவிடும், எஞ்சின் மூன்றிலும் பெரிது என்பதால் பிடிமானமும் மோசமில்லை. இருந்தாலும் தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் அவசரம் அதற்குக் கூட.

அத்தையின் தீர்ப்பு வேறு. பின் சீட்டில் இருப்பவருக்கு இந்த வீதியில் ஒரே கேள்வி: வயிற்றைப் பிரட்டுகிறதா இல்லையா? பென்ஸில் எலுமிச்சம்பழம் மடியிலேயே கிடந்தது. அவுடியில் ஓரிரு தரம் மூக்குக்குப் போனது. பி.எம்.டபிள்யூ.வில் புசல்லாவை வரும்வரை மூக்கைவிட்டு இறங்கவில்லை. அதன் டயர் காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் வகை. பக்கச் சுவர் தடித்தது, ஒவ்வொரு குழியும் முதுகுக்கு வந்து சேரும். ஆனால் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. மாற்றுச் சில்லு இல்லாத வண்டி அது. காற்றுப் போன பிறகும் 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் 80 கிலோமீற்றர் தூரம் ஓடலாம் என்பது பொதுவான வரையறை. லபுக்கலையில் நடுச்சாமத்தில், பனிமூட்டத்தில் டயரில் காற்றுப் போனாலும் கம்பளையோ நுவரெலியாவோ போய்ச் சேரலாம். முதுகா, நடுச்சாமமா என்று சொந்தக்காரர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிரதான வீதியை விட்டு ஒரு தோட்டத்து வீதியிலும் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தோம். குறுக்குக் கானில் மூன்றுமே அடி தட்டின. திரும்புகிற வட்டம் பென்ஸுக்கு 11.2 மீற்றர், பி.எம்.டபிள்யூ.வுக்கு 11.3, அவுடிக்கு 11.6, தொழிற்சாலைக்கு மேலேயுள்ள முடக்கில் மூன்றும் பின்னெடுத்துத்தான் திரும்பின. பக்கத்தால் ஒரு கொழுந்து டிரக்டர் பெட்டியோடு ஒரே திருப்பலில் போனது. சாமான் பெட்டி மூன்றுக்கும் 480 லீற்றர், சொல்லிவைத்தாற்போல. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இந்தச் சரிவுகளை என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; ஆகவே இவ்வளவு தாழ்வான காரைத் தோட்டத்து வீதிக்கு எடுக்கும் முதலாளிக்குச் சாரதி "வேணாங்க ஐயா" என்று சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

புதிதாகத் திறந்த கதவால் மின்சாரக் கார்களும் வந்துகொண்டிருக்கின்றன. சீனத்து பி.வை.டி. சீல், நாலு சில்லும் இழுக்கும் மாதிரியில், நூறை 3.8 வினாடியில் தொடும் என்கிறது கம்பனி. நாங்கள் எடுத்துக்கொண்ட மூன்றும் எட்டரை ஒன்பது வினாடி எடுக்கும் வண்டிகள், பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் எனக்கு ஆவல் வேறு. மின்சாரக் கார் இறங்கும்போது மோட்டாரே மின்பிறப்பாக்கியாகி வண்டியைப் பிடித்துக்கொள்ளும், சக்தியை பற்றரிக்குத் திருப்பிக் கொடுக்கும். மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் தேக்கிய நீரைக் கீழே விழவிட்டு மின்சாரம் எடுப்பதும் இதே கணக்குத்தான். ஒரு எச்சரிக்கை மட்டும்: நுவரெலியா ஹோட்டலில் இரவு முழுக்க சார்ஜ் ஏற்றி, பற்றரியை நிரப்பிக்கொண்டு காலையில் இறங்கினால், திரும்பி வரும் சக்திக்கு உள்ளே இடமிருக்காது, பிடிமானம் குறையும், இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட பாரமும் பிரேக் மேலேயே விழும். மலைக்கு மேலே தங்குகிறவர்கள் எண்பது வீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. எந்த விற்பனையாளரும் இதை நம் சாரதிகளுக்குச் சொல்லிக் கொடுத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

எது நல்ல கார் என்று கேட்பீர்கள். முன் சீட்டில் இருப்பவருக்கு பி.எம்.டபிள்யூ., பின் சீட்டில் இருப்பவருக்கு பென்ஸ். அவுடி கொழும்பிலும் அதிவேகப் பாதையிலும் மூன்றிலும் அமைதியான வண்டியாக இருக்கும். ஈரம் காயாத நம் மலைக்கு அது மூன்றாவது. என் கையில் சாவியைக் கொடுத்தால் பி.எம்.டபிள்யூ.வைத்தான் எடுப்பேன், அத்தையை ரயிலில் அனுப்பிவிடுவேன்.

முழு விபரமும் படங்களும் 18ஆம் பக்கம் தொடங்கி இருக்கின்றன. இரவல் தந்தவர்களின் பேரும் வண்டி இலக்கமும் கேட்டு யாரும் எழுத வேண்டாம், கொடுக்கமாட்டோம். மாறாக, கொழும்பிலும் கண்டியிலும் வளைகுடாவிலும் பெரிய கார்களை ஓட்டுகிற தம்பிமாரே, நீங்கள் எழுதுங்கள். எந்த வண்டி எந்த இறக்கத்தில் என்ன செய்தது, எந்தத் துண்டு எத்தனை ஆண்டில் போனது, எந்தக் கராஜ் பாஸ் எப்படிச் சரிக்கட்டினார் என்று பேச்சுத் தமிழிலேயே சொல்லலாம். எழுதப் பஞ்சியானால் குரல் பதிவாக அனுப்புங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம். முதலாளி பார்த்தால் வம்பு என்றால் பேர் போடமாட்டோம். இம்மாதம் 20க்கு முன் கிடைப்பவை அடுத்த இதழில் வரும். மெய்ப்புப் பார்க்கும் தங்கச்சியின் நிபந்தனைப்படி, அதே இதழில் பூண்டுலோயா ஏற்றத்தில் மூன்று த்ரீவீல்களை ஏற்றி இறக்கிப் பார்க்கப்போகிறோம். அத்தை வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
ஆசிரியர்